ஒளிராத தபால்காரன்

அத்தியாயம் 11

போன வாரம் கூரியரில் வந்து இறங்கிய எலும்புத் தபால்காரனை டிரைவர் இன்னும் மன்னிக்கவில்லை. தபால்காரன் கூரியரில் வந்திருக்கிறான் என்று சொல்லிச் சிரித்த மகளையும் மன்னிக்கவில்லை.

இந்த வீட்டுக்குள் புதிதாக வருகிறவர்களுக்கு மட்டும் இரண்டு வார்த்தை. டிரைவருக்கு வயது ஐம்பத்தொன்று. நகரப் பேருந்தில் இரவு வண்டி ஓட்டுகிறார். மனைவி ஒரு திரைச்சீலைக் கடையில் தையல் பகுதியைக் கவனித்துக்கொள்கிறாள். ஒரே மகளுக்கு குக்கர் கம்பெனியின் புகார்ப் பிரிவில் வேலை. கணவனோடு ஒத்துவராமல், ஆறு வாரத்துக்கு முன் இரண்டு பெட்டிகளோடு பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டாள். சின்ன அறையில் அவளுக்குக் கட்டில் போட்டுக் கொடுத்தார்கள். அந்த அறையில் அவளுக்கு முன்பே அறுபத்து மூன்று பேர் குடியிருந்தார்கள்.

அத்தனை பேரும் பேய்ப் பட வில்லன்கள். ஆளுக்கு ஒரு சாண் உயரம், வினைல் உடம்பு. விளக்கை அணைத்தால் பச்சையாக ஒளிர்கிற வகை. வேறு வகையை டிரைவர் கையால் தொடமாட்டார். பெட்டியைப் பிரிக்காமல் வைத்தால்தான் மதிப்பு என்று வாட்ஸ்அப்பில் உள்ள சேகரிப்பாளர் குழுவில் எல்லோரும் சொல்வார்கள். பிரிக்காவிட்டால் இருட்டில் எதைப் பார்ப்பது, அட்டையையா என்று இவர் கேட்பார்.

ஆரம்பித்து வைத்ததே மகள்தான். பள்ளிக் கண்காட்சியில் வளையம் எறிந்து ஜெயித்த கோணிமூஞ்சிப் பேயை, பயமாக இருக்கிறது என்று அப்பா தலையில் கட்டினாள். அவர் பிடித்துக்கொண்டார். பிறகு பிடித்தது அவரை விடவில்லை.

தபால்காரன், ஒரு பழைய பட வரிசையின் பன்னிரண்டு வில்லன்களில் கடைசி ஆள். மற்ற பதினோரு பேரையும் சேர்க்க டிரைவருக்கு ஏழு வருஷம் ஆனது. இவனுக்காக மட்டும் இரண்டு வருஷம் காத்திருந்தார். வந்தவன் ஒளிரவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்கு வண்டியை டிப்போவில் விட்டுவிட்டு வந்தவர், காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றாமல் சின்ன அறைக்குள் நுழைந்தார். மேஜை விளக்கின் கீழே தபால்காரனைக் கால் மணி நேரம் நிறுத்தினார். இந்தப் பொம்மைகள் வெளிச்சத்தைக் குடித்தால்தான் இருட்டில் கக்கும். பிறகு அவனைத் தூக்கிக்கொண்டு சுவர் அலமாரிக்குள் தலையை நுழைத்து, கறுப்புத் திரையை இழுத்து மூடிக்கொண்டார்.

மகள் கட்டிலில் படுத்தபடியே பார்த்தாள். அப்பாவின் இடுப்புக்குக் கீழ் மட்டும் வெளியே நின்றது.

திரைக்குள்ளிருந்து 'ப்ச்' என்று சத்தம் வந்தது.

ஏழு நாளாக இதே 'ப்ச்'தான். டிரைவரும் சும்மா இருக்கவில்லை. மேஜை விளக்குக்குப் பெரிய பல்பு மாற்றினார். தபால்காரனைச் சோப்புத் தண்ணீரில் குளிப்பாட்டினார். வெயிலில் காயப்போட்டார். நீலமாக ஒளி வீசுகிற டார்ச் ஒன்றை வாங்கி முகத்துக்கு நேரே அடித்தார். சேகரிப்பாளர் குழுவில் பொம்மையை அனுப்பிய கடையின் மானத்தை வாங்கினார். அங்கே இருந்த நாலைந்து பேர், எங்களுக்கு வந்தது நன்றாகத்தானே ஒளிர்கிறது என்று எழுதியதும், குழுவை விட்டே வெளியே வந்தார்.

தலையை வெளியே எடுத்தவர், கடைக்குப் போகலாம், கிளம்பு என்று மகளிடம் சொன்னார். அந்தக் கடைக்காரன் விதிமுறை, நிபந்தனை என்று பேசுகிறான், அவனிடம் நீதான் பேச வேண்டும் என்றார்.

மகளுக்கு அன்று விடுப்பு. நாளெல்லாம் மற்றவர்களின் குக்கர் புகாரைக் கேட்டு நொந்தவளுக்கு, விடுப்பு நாளில் பேய்ப் புகார். தூக்கமும் போதவில்லை. விளக்கை அணைத்தால் அறை விடிந்த மாதிரி இருக்கிறது, அறுபத்து மூன்று பேரும் முறைக்கிறார்கள், இரவில் அந்தக் கறுப்புத் திரையையாவது மூட விடுங்கள் என்று அவள் வந்த நாளிலிருந்து சொல்கிறாள். இதெல்லாம் ஒரு வெளிச்சமா, பெயின்ட் செத்துப்போய் ரொம்ப நாளாகிறது என்று அவர் அலுத்துக்கொள்வார். அப்பா பேச்சை மாற்றுகிறார் என்று அவளுக்குத் தோன்றும். மகள் மிகைப்படுத்துகிறாள் என்று அவருக்கு.

சமையலறையில் மனைவி டப்பாவில் சாப்பாடு கட்டிக்கொண்டிருந்தாள். மூடி பொருந்தவில்லை. இரண்டு தட்டு தட்டியதில் தெரிந்தது, கோபம் மூடியின் மேல் இல்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்த அலமாரி காலியாக வேண்டும், பெண்ணின் துணிமணி இன்னும் பெட்டிக்குள்ளேயே கிடக்கிறது, வந்தவளுக்கு இடமில்லை, பேய்களுக்கு இடமிருக்கிறது என்று பொதுவாகச் சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

அவளும் ஒரு காலத்தில் பொறுமையாகத்தான் இருந்தாள். கல்யாணமான புதிதில் இல்லாத பழக்கம், பெண் வளர்ந்த பிறகு வந்தது. ஒரு நாள் இவர் போனில் யாரிடமோ, புது ஃபிகர் எப்போது வரும், போன தடவை வந்த ஃபிகர் சூப்பர் என்று பேசிக்கொண்டிருக்க, அவள் கையில் இருந்த கத்திரிக்கோலோடு வந்து நின்றாள். ஃபிகர் என்றால் பொம்மை என்று தெரிந்த பிறகு இரண்டு நாள் சிரித்தாள். அலமாரிக்குக் கறுப்புத் திரை தைத்துக் கொடுத்ததும் அவள்தான். அந்தச் சிரிப்பெல்லாம் இப்போது தீர்ந்துவிட்டது.

"இன்னிக்கு அதைத் திருப்பிக் கொடுத்துட்டு வாங்க. அதோட இந்த ஆட்டம் முடியணும்" என்றாள்.

அவர் தபால்காரனைத் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்தார்.

கடை, ஒரு வணிக வளாகத்தின் மூன்றாவது மாடியில் இருந்தது. லிப்ட் ஓடவில்லை. ஒரு பக்கம் செல்போன் உறை விற்கிறவர்கள், இன்னொரு பக்கம் பல் டாக்டர். நடுவில் பொம்மைக் கடை. தரையிலிருந்து கூரை வரை பெட்டிகள்.

கடைக்காரர் நாற்பதை நெருங்குகிற ஒல்லி மனிதர். டிரைவரைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டார். குழுவில் தன்னைத் திருடன் என்று எழுதியவருக்கு நாற்காலி போடுகிறவரிடம் எப்படிச் சண்டை ஆரம்பிப்பது என்று மகளுக்குத் தெரியவில்லை. அவளுடைய வேலையில் அதே வித்தையை அவளும் செய்வாள். முதலில் உட்கார வை, பிறகு இல்லை என்று சொல்.

சேதமாக வந்திருந்தால் மாற்றித் தருவேன், ஒளிரவில்லை என்றால் முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றார் கடைக்காரர். கவுன்டருக்கு அடியிலிருந்து ஒரு மரப்பெட்டியை எடுத்தார். உள்ளே கறுப்பு வெல்வெட் ஒட்டியிருந்தது. ஒரு பக்கம் பார்ப்பதற்கு ஓட்டை. ஓட்டையைச் சுற்றி, நீச்சல் கண்ணாடியிலிருந்து வெட்டி எடுத்த ரப்பர். முகத்தை வைத்து அழுத்தினால் ஒரு பொட்டு வெளிச்சம் உள்ளே போகாது.

தபால்காரனை விளக்கில் காட்டி, பெட்டிக்குள் வைத்து மூடினார். முதலில் தானே குனிந்து பார்த்தார். பிறகு டிரைவரைப் பார்க்கச் சொன்னார்.

டிரைவர் குனிந்தார். முகத்தை அழுத்திக்கொண்டு வெகு நேரம் அப்படியே இருந்தார்.

"நீங்களே பாத்துட்டீங்களே. இப்ப என்ன சொல்றீங்க" என்றார் நிமிர்ந்து, வெற்றி பெற்றவரைப் போல.

"நல்லாத்தான் சார் ஒளிருது" என்றார் கடைக்காரர்.

அங்கிருந்து பேச்சு தடித்தது. வெயிலிலிருந்து உள்ளே வந்திருக்கிறீர்கள், கண் பழக வேண்டும், கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள் என்றார் அவர். பொறுத்தும் பார்த்தார் டிரைவர். ஒன்றும் இல்லை. உன் பெட்டியில் ஏதோ சூட்சுமம் இருக்கிறது, எனக்கு ஒன்று காட்டுகிறாய், நீ ஒன்று பார்க்கிறாய் என்றார். கடைக்காரரின் பொறுமையும் கழன்றது. பல் டாக்டரிடம் வந்து வீங்கிய கன்னத்தோடு வெளியே காத்திருந்த ஒரு பெண்ணை, ஒரு நிமிஷம் வந்து பார்க்க முடியுமா என்று கூப்பிட்டார். அந்தப் பெண் கன்னத்தில் கைவைத்தபடியே குனிந்து பார்த்தாள்.

"எலும்புக்கூடு. பை மாட்டியிருக்கு. பச்சையா இருக்கு" என்று வாயை முழுதாகத் திறக்காமல் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அவளுக்கும் உனக்கும் ஏற்பாடு என்றார் டிரைவர்.

மகளுக்கு முகம் கூசியது. அப்பாவைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்றிருந்தது. போவதற்கு முன் தானும் ஒரு தடவை பார்த்துவிட்டால் பேச்சு முடியும் என்று குனிந்தாள்.

உள்ளே தபால்காரன் பளிச்சென்று நின்றான். மண்டையோடு, பல் வரிசை, விலா எலும்புகள், பையின் வார்ப்பூட்டு வரை தனித்தனியாகத் தெரிந்தன. அறையில் இரவெல்லாம் அவளைத் தூங்கவிடாத அதே பச்சை. அதைவிடக் கொஞ்சம் அதிகம்.

அவள் உடனே நிமிரவில்லை. ரப்பரில் முகத்தை வைத்தபடி யோசித்தாள். பெயின்ட் செத்துப்போச்சு என்று அப்பா சொன்னது, பேச்சை மாற்ற இல்லை. அவர் பார்த்ததைத்தான் சொல்லியிருக்கிறார்.

நிமிர்ந்தவள், அப்பா பார்க்காதபோது கடைக்காரரிடம் கையால் ஜாடை காட்டினாள். இன்னும் இரண்டு வையுங்கள். அவர் புரிந்துகொண்டார். ஷெல்ஃபிலிருந்து இரண்டு பெரிய பொம்மைகளை எடுத்து, விளக்கில் காட்டி, தபால்காரனுக்கு இரண்டு பக்கமும் நிறுத்தினார்.

அப்பா, கடைசியாக ஒரு தடவை பாருங்கள், இதற்கு மேல் நான் கேட்கமாட்டேன் என்றாள்.

அவர் குனிந்தார். மூன்று பொம்மைகள் அவர் மூக்குக்கு நேராக எரிந்துகொண்டிருந்தன.

"ஒண்ணும் இல்ல பாப்பா. கறுப்பா இருக்கு."

கடைக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மகள் தலையை அசைத்தாள். அவர் மெதுவாகப் பெட்டியின் மேல் மூடியைத் திறந்தார். கடையின் வெளிச்சம் உள்ளே விழ, டிரைவர் ஓட்டை வழியாகவே மூன்று பேரையும் பார்த்தார்.

எண்ணிப் பார்ப்பதற்கு அவருக்கு ஒரு நொடி பிடித்தது. பிறகு நிமிர்ந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். பெட்டி சரியில்லை என்று சொன்னார். யாரிடம் சொல்கிறோம் என்பதே இல்லாமல் சொன்னார்.

மாற்ற வேண்டாம், விடுங்கள் என்று மகள் கடைக்காரரிடம் சொன்னாள். தபால்காரனை மறுபடி துண்டில் சுற்றிக்கொண்டாள்.

 கீழே ஸ்கூட்டர் நிறுத்தியிருந்த இடத்தில் அவள் சாவியைப் போடாமல் திரும்பினாள்.

"நேத்து ராத்திரி வண்டி ஓட்டினீங்களா?"

ஓட்டினேன், டியூட்டி என்றால் ஓட்டாமல் என்ன என்றார்.

"எப்படி ஓட்டினீங்க?"

அவர் முதலில் எரிந்து விழுந்தார். இருபத்தாறு வருஷம் ஓட்டுகிறவனிடம் கேட்கிற கேள்வியா இது என்றார். அவள் நகரவில்லை. பக்கத்தில் வண்டி எடுக்க வந்தவர் ஹாரன் அடித்தும் நகரவில்லை. கடைசியில் அவரே, கால் செருப்பைப் பார்த்தபடி, கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். முகப்பு விளக்கு விழுகிற இடம் தெரியுமாம். அதற்குப் பக்கத்தில் இருப்பது கறுப்பாம். முன்னால் ஒரு வண்டி போனால் அதன் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டே போய்விடுவாராம். எங்கே வளைவு, எங்கே பள்ளம் என்று காலுக்குத் தெரியுமாம். நிறுத்தத்தில் ஆள் நிற்கிறார்களா என்று தெரியாததால், நின்றாலும் நிற்காவிட்டாலும் எல்லா நிறுத்தத்திலும் நிறுத்திவிடுவாராம். அதனால் அந்தத் தடத்திலேயே தனக்குத்தான் நல்ல பெயர் என்றார்.

கடைசி வாக்கியத்தில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. 

வயசானால் எல்லோருக்கும் வருவதுதான், ஒரு கண்ணாடி போட்டால் சரியாகிவிடும், அம்மாவிடம் சொல்லாதே, பகல் வண்டிக்கு மாற்றல் கேட்டு எழுதிப் போடுகிறேன் என்றார். எப்போது எழுதுவீர்கள் என்று கேட்டாள். பார்த்து எழுதுகிறேன் என்றார். இன்று இரவு என்ன செய்வீர்கள் என்றாள். இன்று டியூட்டி போட்டாகிவிட்டது என்றார்.

"நீங்க இன்னிக்கு ஓட்டக் கூடாதுப்பா."

அப்போது அவருக்குக் கோபம் வந்தது.

"நீ மட்டும் என்ன? மூணு வருஷமா அந்த வீட்டுல என்ன நடந்ததுன்னு எங்ககிட்ட ஒரு வார்த்தை சொன்னியா? போன் பண்றப்பெல்லாம் நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன். நீ மூடி வெச்சா சரி, நான் மூடி வெச்சா தப்பா?"

"நான் மூடி வெச்சது என் தலையோட போச்சு. உங்க பின்னாடி நாப்பது பேர் உக்காந்திருக்காங்க."

அவர் ஸ்கூட்டரில் ஏறவில்லை. நான் பஸ்ஸில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தெருவைக் கடந்து போனார். பகல் வெளிச்சத்தில் அவருடைய நடையில் ஒரு குறையும் இல்லை. அதுதான் அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

மகள் நேராக வீட்டுக்குப் போகாமல் அம்மாவின் கடைக்குப் போனாள். பின்கட்டில் நீள மேஜை. ஒரு ஓட்டலுக்கான திரைகள், எண்பது ஜன்னலுக்கு, குவிந்து கிடந்தன. அம்மா மெஷினில் இருந்தாள். மகள் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முகவுரை இல்லாமல் எல்லாவற்றையும் சொன்னாள்.

அம்மா தையலை நிறுத்தவில்லை. ஓடிக்கொண்டிருந்த விளிம்பைக் கடைசி வரை ஓட்டி, நூலை வெட்டி, துணியை மடித்து வைத்த பிறகுதான் திரும்பினாள்.

"அந்தக் கறுப்புத் திரையை மூணு தடவை பிரிச்சுத் தெச்சேன்" என்றாள். "வெளிச்சம் உள்ள கசியுது, பொம்மை மங்கலா தெரியுதுன்னார். ரெண்டு மடிப்பு வெச்சேன். பத்தலைன்னார். மூணு மடிப்பு வெச்சேன். கடுகளவு கசிஞ்சாலும் என் கண்ணுக்குத் தெரியும். எங்க கசியுதுன்னு நானும் தேடித் தேடிப் பாத்தேன். இந்த மனுஷன் கண்ணைக் கேக்கணும்னு எனக்குத் தோணல."

பிறகு ஒன்றொன்றாக நினைவுக்கு வந்தது. மின்சாரம் போனால் அந்த மனிதர் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்கமாட்டார். சோம்பல் என்று திட்டியிருக்கிறாள். இருட்டு மாடிப்படியில் எதிரே வந்த அவளுடைய அண்ணனை யாரென்று கேட்டார். தலைக்கனம் என்று அண்ணன் மூன்று மாதம் பேசவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் நின்று சமாதானம் செய்ததே அவள்தான். சொல்லச் சொல்ல அவளுக்குக் கோபம் ஏறியது. அவர் மேலா தன் மேலா என்று பிரிக்க முடியாத கோபம்.

முதலாளியிடம் அரை நாள் விடுப்புக் கேட்டாள். எண்பது ஜன்னல் நாளைக்குப் போக வேண்டும் என்றார் முதலாளி. இரவு உட்கார்ந்தாவது முடித்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

வீட்டுக்குப் போனால் வீடு பூட்டியிருந்தது. உள்ளே போய்ப் பார்த்தார்கள். ஆணியில் காக்கிச் சட்டை இல்லை. போன் எடுக்கவில்லை. டியூட்டி ஐந்தரைக்கு. மகள் வருவதற்குள் கிளம்பிவிட வேண்டும் என்று இரண்டு மணிக்கே போயிருக்கிறார். மகள் கம்பெனியில் எத்தனையோ பேரைச் சமாளித்திருக்கிறாள். பதில் சொல்லாமல் நழுவுகிறவர்கள்தான் கஷ்டம்.

டிப்போவுக்குள் அவர்கள் நுழைந்தபோது மணி நான்கே முக்கால். வண்டிகளைக் கழுவிய தண்ணீர் தரையெல்லாம் நின்றது. டீசல் நாற்றம். பகல் வண்டிகள் உள்ளே வந்துகொண்டும், மாலை வண்டிகள் வெளியே போய்க்கொண்டும் இருந்தன. டிரைவர், டைம்கீப்பர் அறையின் ஜன்னலுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கையெழுத்துப் போட்டாகிவிட்டது. வண்டிச் சாவி கையில் இருந்தது.

இவர்களைப் பார்த்ததும் எழுந்தார். ஓடுவாரோ என்றுகூட மகள் நினைத்தாள். மனைவி பக்கத்தில் போய் உள்ளங்கையை நீட்டினாள். 

அவர் சாவியை அவளிடம் கொடுக்கவில்லை. 

"நான் ஒண்ணும் ஓட்டறதுக்காக உக்காந்திருக்கலை" என்றார். "ரெண்டு மணி நேரமா இங்கதான் இருக்கேன். எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியல."

அதை நம்புவதா வேண்டாமா என்று மகளுக்குத் தெரியவில்லை. அவர் திரும்பி ஜன்னலுக்குப் போய், சாவியைப் பலகையின் மேல் வைத்தார்.

டைம்கீப்பர் அவரோடு ஒரே வருஷத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். மாடியில் கால் தவறி விழுந்த பிறகு வண்டியை விட்டுவிட்டு நாற்காலிக்கு மாறியவர். வண்டியில் என்ன கோளாறு என்று தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"வண்டியில இல்ல. எனக்கு இருட்டினா கண்ணு தெரியல."

டைம்கீப்பர் சிரித்தார். பேய் பார்த்துப் பார்த்து உனக்கும் பிடித்துவிட்டதா என்றார். பிறகு ஜன்னலுக்கு வெளியே நின்ற இரண்டு பெண்களையும் பார்த்தார். சிரிப்பை நிறுத்தினார். உள்ளே வரச் சொல்லிக் கதவைச் சாத்தினார்.

அவர் நல்ல மனிதர். அதை மகள் அந்த அறையிலேயே பார்த்தாள். திட்டவில்லை, உபதேசம் செய்யவில்லை. இன்றைய வண்டிக்கு வேறு ஆளைப் போனில் பிடித்தார். மனைவிக்குத் தண்ணீர் கொடுத்தார். இழுப்பறையிலிருந்து ஒரு ஃபாரம் எடுத்து, உடல்நிலை காரணமாக வண்டியிலிருந்து விலகுகிறேன் என்ற இடத்தில் தானே எழுதத் தொடங்கினார். கண் டாக்டர் சான்றிதழ் பிறகு வைத்துக்கொள்ளலாம், டிப்போவுக்குள்ளேயே ஏதாவது வேலை பார்த்துப் போடச் சொல்கிறேன், கவலைப்படாதே தங்கச்சி என்றார். மனைவி தண்ணீரைக் குடித்து முடித்தாள்.

ஃபாரத்தில் ஒரு கட்டத்துக்கு வந்ததும் டைம்கீப்பரின் பேனா நின்றது.

"எப்போதிலிருந்துன்னு கேட்டிருக்கு. ரெண்டு மாசம்னு போட்டுக்கறேன்."

டிரைவரின் பார்வை அந்தக் கட்டத்திலேயே நின்றது.

"ரெண்டு மாசம். சரியா?" என்றார் மறுபடியும், இந்தத் தடவை அவரை நிமிர்ந்து பார்த்து.

"ரெண்டு இல்ல. பத்து மாசம் ஆகுது."

"யோசிச்சுச் சொல்லு. அந்த சைக்கிள் விஷயம் நடந்து நாலு மாசம்தான் ஆகுது."

 மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மாவுக்கும் தெரிந்திருக்கவில்லை.

"எந்த சைக்கிள் அண்ணே?" என்றாள் மனைவி.

டைம்கீப்பர் டிரைவரைப் பார்த்தார். வீட்டில் சொல்லவே இல்லையா என்று அந்தப் பார்வை கேட்டது. டிரைவர் சொல்லாததால் அவரே சொன்னார். கிடங்குத் தெரு வளைவில், ராத்திரி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு வாட்ச்மேன். சைக்கிளில் விளக்கு இல்லை. பேருந்தின் ஓரம் தட்டி விழுந்தார். தொடை எலும்பு முறிந்தது. விளக்கில்லாமல் திடீரென்று குறுக்கே வந்தார் என்று இவர் எழுதிக் கொடுத்தார். விசாரணையில் அதை ஏற்றுக்கொண்டார்கள். தப்பு அந்த ஆள் மேல் என்று முடிந்து, ஃபைல் மூடியாகிவிட்டது.

அன்று இரவு வண்டி பழுது, அதனால் தாமதம் என்று வீட்டில் சொன்னவர், இப்போது சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ரெண்டு மாசம் என்று இருந்தால் ஒருவருக்கும் பாதகமில்லை, இவன் வேலையும் நிற்கும், பென்ஷனும் நிற்கும், பத்து என்று எழுதினால் அந்த ஃபைலைத் திறந்தே ஆகவேண்டும், அப்புறம் என் கையில் எதுவும் இல்லை என்று டைம்கீப்பர் தணிந்த குரலில் மனைவியிடம் சொன்னார். இவன்தான் கேட்கமாட்டான், நீயாவது எடுத்துச் சொல் என்பது போல.

டிரைவர் கையை நீட்டிப் பேனாவை வாங்கினார். கட்டத்தில் பத்து என்று எழுதினார். அதன் கீழே கையெழுத்தும் போட்டார். ஃபாரத்தை டைம்கீப்பர் பக்கம் தள்ளினார்.

டைம்கீப்பர் அதைத் தொடவில்லை.

"நான் வாங்கிட்டேன்னா வாங்கினதுதான். திருப்பித் தர முடியாது" என்றார்.

அப்போது மனைவியின் கை அந்த ஃபாரத்தின் மேல் வந்து விழுந்தது. காலையிலிருந்து ஊசி பிடித்துப் பிடித்துச் சிவந்திருந்த விரல்கள். புருஷன் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று அரை நாள் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தவள், அந்த உண்மையை இப்போது உள்ளங்கையால் மூடிக்கொண்டு நின்றாள். தள்ளுவதற்கா, இழுத்துக்கொள்வதற்கா என்று மகளுக்குப் புரியவில்லை. அம்மாவுக்கே புரிந்திருக்குமா என்றும் தெரியவில்லை.

"அந்த ஆளு இப்ப நடக்கறாரா?" என்று மனைவி கேட்டாள்.

யாரைக் கேட்டாள் என்று தெளிவாக இல்லை. டைம்கீப்பர் தலையைக் குனிந்துகொண்டார்.

டிரைவர்தான் பதில் சொன்னார்.

"தெரியாது. நான் போய்ப் பாக்கவே இல்ல."